பிரிண்டர் வேண்டாம் என்றான்

காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை நெல் சாகுபடி பொய்த்துக்கொண்டிருந்த காலம் அது. குடவாசல் பக்கம் எங்கள் ஊர். நானும் எங்கள் குத்தகைக்காரர் மகனும் ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தோம்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அரதப் பழசு. லினக்ஸ் போட்டால் முக்கி முனகும். "கெர்னலை நாமளே கம்பைல் பண்ணிடுவோம்டா" என்றான் அவன். கெர்னல் என்பது கணினியை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை நிரல். எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நம் கணினிக்கென்றே அதை உருவாக்கிக்கொள்ளலாம்.

குத்தகைக்காரர் வீட்டிலிருந்து வந்து எங்கள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல் போனார். பட்டியலில் பிரிண்டர் வந்ததும் அவனுக்குச் சிரிப்பு.

"உங்க வீட்ல பிரிண்டர் எங்கடா இருக்கு? தூக்கிடுவோம். வேண்டாததச் சுமந்தா பெட்டி எப்படி ஓடும்?"

கரண்ட் போய்விடக் கூடாதே என்று பயந்தபடி சாயங்காலம் வரை காத்திருந்தோம். புதுக் கெர்னல் ஓடியது. திரையில் முதல் வரி, அதைக் கம்பைல் பண்ணியவர் பெயரைக் காட்டும். அவன் தன் பெயரில் உள்ளே நுழைந்து செய்ததால், அதில் அவன் பெயர்! துள்ளிக் குதித்தான்.

மறு வருடம் அப்பாவுக்கு, அவர்கள் குத்தகைக்கு உழுதுவந்த எங்கள் நிலத்தை மனை போட்டு விற்கும் ஆசை வந்தது. அவன் அப்பா நிலத்தை விட மறுத்தார். வழக்கானது. அவன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். கல்லூரியிலும் பெஞ்ச் மாறி உட்கார்ந்தான்.

ஒரு நாள் அப்பா புதுப் பிரிண்டரோடு வந்தார். அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றச் சொல்லி, கையால் எழுதிய மனுவை என்னிடம் நீட்டி, பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். பிரிண்டர் ஓட வேண்டுமானால் கெர்னலை மறுபடி உருவாக்க வேண்டும். அவன் பெயர் போய் என் பெயர் வரும். அவன் எடுத்துவிட்ட ஒன்றைச் சேர்த்து, அவனுக்கு எதிரான மனுவையே அச்செடுப்பதா?

"இதுல பிரிண்ட் வராதுப்பா."

"இவ்ளோ படிச்சு என்னத்தடா கிழிச்ச?" என்று கத்திவிட்டு, கடைத்தெருவில் டைப் அடித்து வாங்கி வந்துவிட்டார்.

வழக்கில் நாங்கள் ஜெயித்தோம். அவர்கள் திருப்பூருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்கு ஓடினேன். "பெட்டி நல்லா ஓடுதாடா?" என்று மட்டும் கேட்டான். தலையாட்டினேன்.

மனைகள் விற்கவில்லை. எல்லைக் கற்களைச் சுற்றிக் கருவை முள் மண்டிக் கிடக்கிறது. எப்போதாவது அந்தக் கம்ப்யூட்டரைப் போடுவேன், முதல் வரியில் அவன் பெயர் வரும். அவனுடைய நிலத்தை என்னால் காப்பாற்ற முடியவில்லை; அவன் சொன்ன ஒரு 'வேண்டாம்' மட்டும்தான் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.