செபமாலை மேஸ்திரி மாத்திய வால்வு

செபமாலை மேஸ்திரியைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லப் புதுக்கோட்டையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அவர் செய்த தப்பைச் சொல்லப் போகிறேன். அதைச் சொல்லாவிட்டால் அவர் எப்பேர்ப்பட்ட மனுஷர் என்பது உங்களுக்கு விளங்காது. என் பேர் ராக்கன். கட்டுமாவடி ரூட்டில் பன்னிரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கின் மேல். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரிக்குச் சொந்த ஊர் ஆவூர். திருச்சியில் பாதிரிமார் பட்டறையில் தொழில் பழகிவிட்டு எங்கள் கம்பெனி ஷெட்டுக்கு வந்தவர். குட்டையான ஆள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டை, மற்ற ஆறு நாளும் உடம்பெல்லாம் கிரீஸ். இன்ஜினைப் பிரித்தால் ஒரு சாக்கை விரித்துச் சாமான்களை வரிசையாக வைப்பார். திரும்ப மாட்டலாம் என்றால் சும்மா விடுவார். ஆகாது என்றால் சாக்பீஸால் அதன்மேல் ஒரு சிலுவை. "சிலுவ விழுந்தாச் செத்துப்போச்சுன்னு அர்த்தம்டா ராக்கா. செத்தத உள்ள வச்சுப் பூட்டக் கூடாது" என்பார்.

அது யுத்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம் என்று, கரிப்புகையில் ஓட்டுவதற்காகப் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டிவிட்டார்கள். வண்டி பஸ்ஸா, நெல் அவிக்கிற பானையா என்றே தெரியாது. மேட்டில் ஏறாது, இறக்கத்தில் இருமும். இன்ஜின் சாமான் ஒன்று வேண்டுமென்றால் மதராஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில், ஒரு திங்கட்கிழமை, என் வண்டியின் ரேடியேட்டர் கொதித்துத் தண்ணீரைத் துப்பியது. இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் தகடு வெந்து போயிருந்தது.

எனக்கோ வியாழக்கிழமைக்கு வண்டி வேண்டும். கட்டுமாவடியில் பொன்னுத்தாய் என்று ஒரு அம்மா, மீன்கூடையோடு தினம் என் பஸ்ஸில் வருகிறவர். அவருடைய ஒரே மகன், திருப்பதி என்று பேர், பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். சண்டைக்கு அனுப்புகிறார்கள், வியாழக்கிழமை பதினோரு மணி ரயிலில் புதுக்கோட்டை வழியாகப் போகிறேன், பத்து நிமிஷம் வண்டி நிற்கும், ஆத்தாவைப் பார்க்கணும் என்று கார்டு போட்டிருந்தான். அதை அந்த அம்மாவுக்குப் படித்துச் சொன்னதே நான்தான். "நான் கொண்டாந்து சேக்குறேன் ஆத்தா, கவலப்படாதீங்க" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் சொன்னேன். "பெத்தவ சமாச்சாரமா? வியாழக்கெழம வண்டி உண்டு, போ" என்றார்.

சாக்கில் சாமான்கள் கிடந்தன. கேஸ்கெட்டுக்குச் செம்புத் தகட்டைத் தானே வெட்டிவிட்டார். மரை போன இரண்டு போல்ட்டுக்குச் சிலுவை. தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது, சைக்கிள் டியூபைச் சுற்றினால் ஓடும் என்று விட்டுவிட்டார். மூன்றாவது சிலிண்டரில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வு. ஒன்று மூச்சை உள்ளே இழுக்கும், இன்னொன்று புகையை வெளியே தள்ளும். புகை வால்வு எந்நேரமும் நெருப்பில் நிற்பது. அதன் ஓரம் எலி கடித்த மாதிரி போயிருந்தது. அதற்கும் சிலுவை போட்டார்.

அவர் பெட்டியில் புது வால்வு இரண்டு, எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் இருந்தது. முதலாளி மதராஸிலிருந்து வரவழைத்தது, என் வண்டிக்கும் பொருந்தும். "நம்ம காருக்கு, மேஸ்திரி. அடுத்த மாசம் கல்யாணத்துக்குத் திருமயம் போகணும். தொட்றாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தார். மேஸ்திரி அந்தப் பெட்டியைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். கடைசியில் சிலுவையைக் கட்டைவிரலால் அழித்துவிட்டார். இதை நான் பார்க்கவில்லை. பின்னால் அவரே சொல்லித்தான் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் போய் நின்றேன். "வால்வு மாத்தியாச்சா மேஸ்திரி?"

"மாத்தியாச்சு."

பொய்யில்லை. மாத்தத்தான் செய்திருக்கிறார். கடிபட்ட புகை வால்வை அரைத்துத் தேய்த்து மூச்சு வால்வின் ஓட்டையில் போட்டுவிட்டு, அங்கே சுகமாக இருந்த வால்வைத் தூக்கிப் புகை ஓட்டையில் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே அளவு, உட்கார்ந்துகொண்டது. ஆனால் அந்த இரும்பு நெருப்புக்குப் பழகினதில்லை. இடத்தை மாத்தினார், வால்வை மாத்தவில்லை. நானும் "புதுசா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வருமோ என்று எனக்கும் பயம்தான்.

ராத்திரியே வண்டியைக் கட்டுமாவடிக்குக் கொண்டுபோய்விட்டேன். வியாழக்கிழமை விடியலில் பொன்னுத்தாய் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினேன். "அடடா, உருண்டைய வச்சிட்டு வந்திட்டேனே!" என்று எழுந்துவிட்டார். மகனுக்காக ராத்திரியெல்லாம் பிடித்த பொரிவிளங்காய் உருண்டை. ஓடிப்போய் எடுத்துவரக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் விட்ட நேரத்தைப் பிடிக்க வண்டியை விரட்டினேன்.

அறந்தாங்கியில் நின்றபோது இன்ஜினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக் என்று, சுண்டுவிரலால் தட்டுகிற மாதிரி. பக்கத்தில் வேறு கம்பெனி பஸ் புதுக்கோட்டைக்குக் கிளம்பத் தயாராக நின்றது. அந்த அம்மாவை அதில் ஏற்றிவிட்டிருக்கலாம். "என்ன ராக்கா, ஒன் கரிச்சட்டி அவ்வளவுதானா?" என்று அந்த டிரைவர் சிரிப்பானே என்று நான் ஏற்றவில்லை. இவ்வளவுதான் காரணம். சொல்லவே நாக்கூசுகிறது.

வல்லத்திராக்கோட்டை தாண்டியதும் வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தது. படபடவென்று நாலு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மணி ஒன்பதே கால். பயணிகள் இறங்கி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "நான் என்னய்யா செய்ய? இந்தம்மா கால் மணி நேரம் வண்டிய நிப்பாட்டிப் போட்டுச்சு. அத ஈடுகட்ட விரட்டுனேன், இன்ஜின் சூடாகிப் போச்சு!" என்று கத்திவிட்டேன். அத்தனை பேரும் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார்கள்.

 பொன்னுத்தாய் உருண்டை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்க ஆரம்பித்தார். ஸ்டேஷனுக்குப் பத்து மைல் இருக்கும். விஷயம் தெரிந்து மேஸ்திரி சைக்கிளில் வந்தபோது எதிரே அவரைப் பார்த்திருக்கிறார். "ஸ்டேசன் இன்னும் எம்புட்டுத் தூரம் தம்பி?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். அப்போது பதினொன்றரை ஆகிவிட்டது. "கிட்டத்தான் ஆத்தா" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி சைக்கிளை மிதித்திருக்கிறார்.

ஐந்து மாசம் கழித்துத் தந்தி வந்தது. பர்மா எல்லையில் அந்த அம்மாவின் மகன் திருப்பதி செத்துப்போனான்.

நான்தான் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தவர் அன்றைக்கு அதை எடுக்கவில்லை. அப்போதுதான் சிலுவையை அழித்ததையும் இடம் மாத்தியதையும் என்னிடம் சொன்னார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அறைய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவூருக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறார். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மேஸ்திரி, சாமியார் மன்னிச்சிட்டாரா?"

"பொய் சொன்னியான்னு கேட்டாரு. இல்ல சாமி, மாத்தியாச்சுன்னு சொன்னேன், மாத்தத்தான் செஞ்சேன்னேன். அப்படின்னா பத்துப் பிரியதத்த செபம் சொல்லிட்டுப் போன்னுட்டாரு. பாவம், அவருக்கு வால்வு எங்க தெரியும்? ஒன்னைய ஏமாத்துன வார்த்தைய வச்சே அவரையும் ஏமாத்திட்டு வந்திருக்கேண்டா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பிரித்தாலும் கழற்றிய பழசை டிரைவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். முதலாளி ஏசிப் பார்த்தார். மனுஷர் அசையவில்லை.

ஒரு நாள் கட்டுமாவடி டிரிப்பில் நான் ஒரு சங்கதி கேள்விப்பட்டேன். தந்தி வந்த நாளிலிருந்து பொன்னுத்தாயின் புருஷன் மூக்கன் அவரோடு பேசுவதில்லையாம். நாலு மாசமாகிறதாம். உருண்டை எடுக்கத் திரும்பிப் போய் மகன் முகத்தைப் பார்க்கிறதைக் கெடுத்துக்கொண்டாள் என்று ஊரே பேசுகிறதாம். யார் கிளப்பிவிட்ட பேச்சு என்று எனக்குத் தெரியாதா? மேஸ்திரியிடம் அந்தம்மா நிலைமையை மட்டும் சொன்னேன். "நாளைக்கு ஒன் வண்டியில நானும் வாரேன்" என்றார்.

போனோம். பொன்னுத்தாய் வாசலில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். மேஸ்திரி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நின்ற வாக்கிலேயே சொன்னார்: "ஆத்தா, அன்னைக்கு வண்டி நின்னது ஒங்களால இல்ல. புது வால்வு எம் பொட்டியில இருந்துச்சு. ஒங்க மகன் விசயமும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போடாம விட்டேன்."

அந்த அம்மா அழவில்லை. எழுந்து உப்புக் கையோடு அவர் நெஞ்சில் ஓங்கிக் குத்தினார். "இத ஏண்டா இம்புட்டு நாளு வச்சிருந்தே? பாவிப்பயலே, நாந்தான் அவனப் பாக்காமப் பண்ணிட்டேன்னு தெனமும் செத்துக்கிட்டு இருக்கேனேடா!" மேஸ்திரி விலகவே இல்லை. "வா. எங்கிட்டச் சொன்னத அவருகிட்டச் சொல்லு" என்று அந்த அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

மூக்கன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி தான் செய்ததை முதலிலிருந்து சொன்னார். முதலாளி தொடாதே என்றதைக்கூடச் சொல்லவில்லை, எல்லாப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். மூக்கன் வலையைப் பிரித்தபடியே கேட்டார். அப்புறம் வலையைக் கீழே போட்டுவிட்டுப் பெண்சாதியைப் பார்த்து, "மணலு சுடுது. செருப்பில்லாம ஏன் நிக்கிறே, வீட்டுக்குப் போ" என்றார். பொன்னுத்தாய் அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அப்புறம் மூக்கன் என் பக்கம் திரும்பினார். நான் சொல்லவேண்டியதும் மூன்று இருந்தது. அறந்தாங்கியில் கேட்ட சத்தம், நின்றிருந்த அந்த இன்னொரு பஸ், ரோட்டில் நான் கத்தின கத்தல்.

"டிரைவர் தம்பி, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நீங்க என்ன செய்வீங்க பாவம். அன்னைக்கு அவளுக்காக வண்டிய நிறுத்திக் காத்துக் கெடந்தீங்க" என்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன்.