விளம்பரத்தில் வராத ஏழாவது ஸ்வரம்

என் மருமகள் பதினோரு வருடங்களாகத் திரைப்பட விளம்பரங்களுக்கு ஒலி வெட்டித் தருகிறாள். இரண்டரை மணி நேரப் படத்தை முப்பது வினாடிக்குள் அடக்குவது அவள் வேலை. வீட்டில் மட்டும் ஒரு வார்த்தையைக்கூட வெட்டமாட்டாள் என்பான் என் மகன்.

இந்த முறை வந்த படத்தின் தீம் இசை, புல்லாங்குழலில் ஏழே ஸ்வரம். விளம்பரங்கள் எல்லாம் ஆறோடு நின்றுவிட வேண்டும், ஏழாவதைத் தியேட்டரில்தான் கேட்க வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. உத்தி பலித்தது. நாற்பத்து மூன்று நாள்களாகப் பேருந்திலும் பல் மருத்துவர் அறையிலும் போன்களிலும் அந்த ஆறுதான். "ஏழாவது வெளிய வந்துச்சுன்னா, நீயும் அது பின்னாடியே கெளம்பிடு" என்று முதலாளி அவளிடம் சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

வெட்டிய துணுக்கை அவள் உடனே அழிப்பதில்லை. தேவைப்படலாம் என்று அதே ஒலிப்பதிவின் கடைசியில், சற்று இடைவெளி விட்டு ஒதுக்கிவைப்பாள். அனுப்பும் முன் அழிப்பாள். அந்தத் திங்கள்கிழமை அழிக்க மறந்து ஏழு வானொலி நிலையங்களுக்கு அனுப்பிவிட்டாள். முப்பது வினாடி விளம்பரம், பதினோரு வினாடி மௌனம், பிறகு அந்த ஸ்வரம். மாலை 6.20க்குக் கண்டுபிடித்தாள். ஆறு நிலையங்கள் மாற்றிக்கொண்டன. ஏழாவதில் யாரும் போனை எடுக்கவில்லை. அவர்களுடைய விளம்பரப் பிரிவு காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும். விளம்பரமோ எட்டு மணிச் செய்திக்கு முன்பே.

செவ்வாய் காலை சமையலறை மேடையில் ரேடியோவை வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான்தான் அணைத்தேன்.

"ஒத்த ஸ்வரம்தானே, கோட்டையா இடிஞ்சு போச்சு?" என்றான் மகன்.

"போகப்போறது உங்க வேலையா? வாயை மூடிட்டு நில்லுங்க. மாமா, மணி என்ன?"

"ஏழு ஐம்பத்தொன்பது, பதினெட்டு வினாடி" என்றேன். விளம்பரம் தொடங்கியது.

ஆறு ஸ்வரம் முடிந்தது. மௌனம். அவள் விரல் விட்டு எண்ணினாள். விரல்கள் பத்தும் தீர்ந்துபோயின. அப்போது வந்தது, தாழ்ந்த ஒற்றைக் குழல் ஓசை.

"நேரம் எட்டு மணி. செய்திகள்" என்றார் அறிவிப்பாளர்.

மகன் சிரித்துவிட்டான். "மணியடிச்ச மாதிரியே இருக்குடி! யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் சிரிக்கவில்லை. 9.04க்கு நிலையத்தார் ஒலிப்பதிவை மாற்றிவிட்டதாகச் சொன்ன பிறகும் முகம் தெளியவில்லை. வேலைக்குக் கிளம்பினாள், நானும் கடைக்குப் போகக் கூடவே இறங்கினேன்.

லிஃப்டில் ஆபரேட்டர் விசிலடித்துக்கொண்டிருந்தார். ஆறு ஸ்வரம். ஏழாவது.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். "அண்ணே, இப்ப ரேடியோ கேட்டீங்களா?"

"அது ரிப்பேராகி மாசமாச்சும்மா. பேரனோட போன்லதான் கேக்குறது."

"அதுல ஆறுதானே வரும்?"

"ஆமா. பாதித் தும்மல் மாதிரி மூக்குலயே நிக்குது. அதான் நானே ஒண்ணு போட்டு முடிச்சுக்கிட்டேன்."

"இன்னொரு தடவ அடிங்க."

அடித்தார். அவள் என்னைப் பார்த்தாள். எட்டு மணிக்குக் கேட்ட அதே ஸ்வரம்தான்.

கீழ்த்தளம் வந்து கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை.

"அண்ணே, படம் வெள்ளிக்கிழமை வருது" என்றாள். "அதுவரைக்கும் ஆறோட நிறுத்திக்கிறீங்களா?"