முதலில் கையை நனை

சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லப் போய் அடி வாங்கியவள் மதுரைச் சீமையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புருவத்தில் இருக்கும் தையல் தழும்பைத் தொட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்போது சுகாதாரப் பிரச்சார வேலையில் இருந்தேன். விளாங்குடியிலிருந்து பஸ் பிடித்து, கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குப் போவேன். அதில் ஓர் ஊரில் ஒரு வயதுப் பிள்ளை ஒன்று வயிற்றுப்போக்கில் சுருண்டு, பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தது. இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அந்தக் கவலைதான்.

தாய்க்குக் கை கழுவத் தெரியாமல் இல்லை. தண்ணீர்தான் இல்லை. அவள் புருஷனுக்கும் அவன் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு. அண்ணன்காரன் தம்பி வீட்டுக்குப் போகும் குழாயை வெட்டி எறிந்துவிட்டான். "இனிமே ஒன் வீட்ல கை நனைச்சா நான் ஆம்பளையே இல்ல" என்று தம்பி ஊர் கூடிய இடத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அந்தத் தெருவில் தண்ணீர் ஒழுங்காக வருவது அண்ணன் வாசல் குழாயில்தான். அங்கேதான் இரும்பு வாளியும் சோப்பும் வைத்துப் பெண்களைக் கூட்டினேன். பிள்ளையோடு ஓரமாக நின்றவளைக் கூப்பிட்டேன்.

"வா தாயி. முதல்ல கையை நனை."

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் படி அது. ஊர்ப் பேச்சில் அதற்கு வேறு அர்த்தம். ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அங்கே சாப்பிடுவது, உறவு கொண்டாடுவது. எனக்கும் தெரிந்த பேச்சுதான், அந்த நேரம் பார்த்துப் புத்தியில் உறைக்கவில்லை. அவள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து குழாயில் கையை நீட்டிவிட்டாள்.

வாசலில் நின்ற அண்ணன் சிரித்தான். தெருவில் போன தம்பியைப் பார்த்து, "ஒம் பொண்டாட்டி கை நனைச்சுட்டா. நீ எப்படா வார?" என்றான்.

தம்பி ஓடி வந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து அறைந்தான். உதடு கிழிந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த குத்து அண்ணன் வாயில் விழுந்தது, பல் தெறித்தது. அவன் மண்வெட்டிக் காம்பை எடுத்துத் தம்பியின் தோளில் போட்டான். விலக்கப் போன என் முகத்தில் யாரோ எத்திய வாளி வந்து மோதியது. தம்பி காம்பைப் பிடுங்கி, வெறி பிடித்தவனாகக் குழாயை அடித்து உடைத்தான். தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

அறை வாங்கி விழுந்து கிடந்தவள் எழுந்து வந்தாள். அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றில் கிடந்த சோப்பை எடுத்துத் தேய்த்தாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. உதட்டு ரத்தம் நுரையில் சொட்டியது.

"எந்திரிடி," என்றான் புருஷன்.

"பிள்ளைக்குச் சோறூட்டணும். கழுவிட்டு வாரேன்."

முதுகில் காம்பு விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அவன் மறுபடி ஓங்கினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியைத் தூக்கி அவன் முழங்காலில் அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. அவன் சேற்றில் விழுந்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றுவரைக்கும்.

அவள் கையை உதறிக்கொண்டு பிள்ளையை வாங்கினாள். நேராக அண்ணன் வீட்டுக்குள் போய், அவன் மனைவியிடம், "அக்கா, ஒரு தட்டுல சோறு போடுங்க" என்றாள். நடுவீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டினாள். மிச்சத்தை, கிழிந்த உதட்டோடு, தானும் தின்றாள்.