மூடும் பிராக்கெட்

தொண்ணூறுகளின் கடைசியில் வேங்கிக்காலில் கட்டட வரைபடம் போடும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தேன். எனக்கு சீனியராக இருந்தவர் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார். வரையும் வேலை சீக்கிரம் முடிய லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுவார். அதில் எல்லாமே பிராக்கெட்டுக்குள் அடங்கும் பட்டியல்கள்தான். மூடும் பிராக்கெட்டுகளை அவர் கடைசி வரியின் முடிவில் நெருக்கமாக ஒட்டி வைப்பார். பிறகு விரலால் திரையைத் தொட்டு எண்ணுவார்.

எனக்கு அது கண்ணை உறுத்தியது. ஒரு மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, ஒவ்வொரு பிராக்கெட்டையும் தனித்தனி வரியில் இறக்கி வைத்தேன்.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்து, "யாரு கை வச்சது?" என்றார்.

"நான்தான் சார். இப்பதான் படிக்க நல்லா இருக்கு."

கீபோர்டைப் பிடுங்கி என் முகத்தில் ஓங்கி அடித்தார். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கீழே விழுந்த பிறகும் உதைத்தார். அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தன் வண்டியிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

தையல் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அடிச்சது தப்புப்பா. ஆனா நீ அதைப் பிரிச்சிப் போட்டது, ஒரு ஆளைக் கை வேற கால் வேறயா வெட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

"அடிதடியா? போலீசுக்குச் சொல்லணுமே" என்றார் நர்ஸ்.

"நான்தான்மா..." என்று சீனியர் சொல்ல வாயெடுத்தார்.

நான் முந்திக்கொண்டு, "மாடிப்படியில விழுந்துட்டேன்க்கா" என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. அவரை நான் ஏன் காப்பாற்றினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.