இடுப்பு மாற்றிய குளிர்காலம்

தில்லிக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகியும் இந்தியில் இடுப்புக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. அலுவலகக் கோப்புகளில் அது வந்ததில்லை, காய்கறிக்காரரிடமும் தேவைப்பட்டதில்லை. வலது இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, செயற்கை மூட்டு வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்றுதான் தேவைப்பட்டது. கீழ்வீட்டு சந்தோஷ் வாசலில் நின்று விசாரித்தாள். இங்கே சந்தோஷ் என்பது பெண்களுக்கும் வைக்கும் பெயர். "மேரா சூல்ஹா பதல்னா ஹை" என்றேன். என் இடுப்பை மாற்ற வேண்டும் என்று சொன்னதாக என் நினைப்பு. அவள் முகம் மலர்ந்தது. "அதுக்கு ஏன் இப்படி வாடிப்போயிருக்கீங்க, பெஹன்ஜி? என் தம்பிக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. பழசைக் கொடுத்தா விலையில கழிச்சுப்பான்" என்றாள். நான் இடுப்பைத் தட்டிக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். இடுப்பு கூல்ஹாவாம். சூல்ஹா என்றால் அடுப்பு. இருவரும் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் மாடி வீட்டில் தனியாக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவில்பட்டியிலிருந்து ஸ்டெனோகிராபர் வேலைக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். சண்முகவடிவு என்ற பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாததால் வடிவுஜி ஆனேன். ஒரு வருடமாகவே பஸ்ஸில் ஏறுவது பெரும் பாடு. படியில் வலது காலை வைத்து உடம்பைத் தூக்குவதற்குள் கண்டக்டர் பின்னாலிருந்து "ஜல்தி, ஜல்தி" என்பார். ராத்திரி புரண்டு படுத்தால் வலியில் விழிப்பு வந்துவிடும்.

தங்கை ராஜத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். "எக்கா, அங்க கெடந்து என்ன செய்யப் போற? ஒரு மடக்குத் தண்ணி தர ஆளு உண்டா? இங்க வந்துரு" என்றாள். ஆனால் அவள் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. என் அரசு சிகிச்சை அட்டையும் என்னை மூன்று வருடமாகப் பார்த்துவரும் டாக்டரும் இங்கேதான். அவளிடம் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகும் அந்த ஒரு மடக்குத் தண்ணி காதிலேயே நின்றது.

உண்மையில் அந்தக் கட்டடத்தில் நான் தண்ணீர் கேட்கவே கூச வேண்டியவள். நான்கு வருடமாக எங்களுக்குள் இருந்த சண்டையே தண்ணீர்ச் சண்டைதான். காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் வரும். கீழே சந்தோஷின் கணவர் சாப்ரா மோட்டார் போட்டு உறிஞ்சிவிடுவார். மாடிக்கு ஏறாது. நான் எழுத்தில் புகார் கொடுத்தேன். அவர் எல்லோர் முன்னாலும், "இந்த மதராசிகளுக்கு மனு எழுத மட்டும்தான் தெரியும்" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "சோர்" என்றேன். திருடன் என்ற சொல் மட்டும் தவறில்லாமல் வந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு வருடமாக நாங்கள் பேசவில்லை. சந்தோஷ் மட்டும் அவருக்குத் தெரிந்தும் தெரியாமலும் என்னிடம் பேசுவாள்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்னால் அவர் என் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. நின்றபடியே பேசினார்.

"பதினேழு படி இருக்கு. எண்ணிக்கிட்டுதான் வந்தேன். எப்படி ஏறுவீங்க?"

"மெதுவா ஏறிக்குவேன், பாய்சாப்."

"குந்தி உட்காரவே கூடாதாமே. உங்க வீட்டுல இந்தியக் கழிப்பறைதானே? கீழ எங்க அம்மாவுக்காக வச்ச கமோட் இருக்கு. அம்மா போயிட்டாங்க, அது அப்படியே இருக்கு. ரெண்டு மாசம் நீங்க கீழ இருங்க. நாங்க மேல இருந்துக்கறோம்."

"வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். "அச்சா, அப்ப ஞாயித்துக்கிழமை சாமானை மாத்திடலாம்" என்று அவரே முடிவு செய்துவிட்டு இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை என் கட்டிலைக் கீழே இறக்கி, தாழ்வாக இருக்கக் கூடாது என்று கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். அதில் தானே உட்கார்ந்து எழுந்து பார்த்தார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துதான் ஆபரேஷன். விழித்துக்கொண்டே இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ரம்பமும் சுத்தியலும் ஒலித்தன. வலி கிடையாது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு குலுங்கியது. டாக்டர்கள் கிரிக்கெட் பேசினார்கள். தச்சுப் பட்டறையில் கிடக்கும் பலகை போலக் கிடந்தேன்.

மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்துவிட்டாள். ரோத்தக் பக்கத்துப் பெண், என் தோளுயரம்தான் இருப்பாள். "ஆன்ட்டி, வலிக்கும். ஆனா நடப்பீங்க" என்று சொல்லி வாக்கரை முன்னால் வைத்தாள். நான் அழுதேன். அவள் பொறுமையாகக் காத்திருந்து, அழுகை நின்றதும், "இப்ப வலது கால்" என்றாள். நான்கு அடி நடந்தேன். நான்காவது அடியில் ஒன்று புரிந்தது: வலிப்பது தையல்தான். ஒரு வருடமாக என்னை அரித்த அந்த வலி போய்விட்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கீழ்வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் காலை, சாப்ரா காலி வாளியோடு படியிறங்கி வந்தார்.

"பெஹன்ஜி, மேல சொட்டுத் தண்ணி ஏறல."

"தெரியும், பாய்சாப்."

உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வெந்நீர் வைப்பதற்காக சந்தோஷ் இறங்கி வந்து போட்டிருந்தாள். அவர் மோட்டார் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

"தினமும் இப்படித்தானா?"

"நாலு வருஷமா."

உள்ளே போய் சுவிட்சை அணைத்தார். மறுநாள் முதல் மோட்டார் அரை மணி நேரம்தான் ஓடியது, மீதி அரை மணி நேரம் தண்ணீர் மாடிக்கு ஏறியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் "சோர்" என்றதற்காகக் கேட்கவில்லை. ஆனால் அன்று மாலை வாக்கரோடு வாசல் வரை போனபோது, அவர் கூடவே நடந்து வந்தார், என் வேகத்திற்கு.

அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்றும் வெயில்தான் ஞாபகம் வருகிறது. ஊரில் நாம் வெயிலுக்கு ஒதுங்குவோம், இங்கே வெயிலைத் தேடிப் போவார்கள். மத்தியானம் புல்தரையில் பெண்கள் கயிற்றுக் கட்டில்களைப் போட்டுப் பட்டாணி உரிப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள். கட்டில் எனக்குத் தாழ்வு என்பதால் சாப்ரா உயரமான நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போடுவார். நான் கால்மேல் கால் போட்டுவிட்டால் நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் அதட்டும். டாக்டரின் விதிகள் எனக்கு முன்னால் அவர்களுக்குப் பாடமாகியிருந்தன. இரண்டு மாதம் என்றவர்கள், நான் பதினேழு படியையும் துணையில்லாமல் ஏறி இறங்கிக் காட்டும்வரை, மூன்று மாதம் மேலேயே இருந்தார்கள்.

மே மாதம் ராஜத்தின் மகள் கல்யாணத்திற்குக் கோவில்பட்டி போனேன். ரயிலடியில் நான் நேராக நடந்து வருவதைப் பார்த்து ராஜம் அழுதாள். "யாருக்கா ஒன்ன பாத்துக்கிட்டா?" என்றாள். சொல்லத் தொடங்கினேன், வீடு வந்து சேர்ந்தும் முடியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் கூடத்தில் சொந்தம் எல்லாம் தரையில் வட்டமாக உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி. பூவும் நாரும் மடிக்கு வந்தன. ஆனால் பேச்சு என் முழங்காலுக்குக் கீழே நடந்தது. குனியக் கூடாது என்பதால் பாதிதான் காதில் விழுந்தது.

அப்போது போன் அடித்தது. சந்தோஷ்.

"எங்க இருக்கீங்க, வடிவுஜி?" என்று இந்தியில் கேட்டாள்.

"கர் மே ஹூம்" என்றேன். வீட்டில் இருக்கிறேன்.

"எப்ப வர்றீங்க?"

"அடுத்த புதன்கிழமை கர் ஆ ஜாவூங்கி." வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நான் இந்தி பேசுவதைத் தரையிலிருந்து எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னக்கா சொல்லுதா?" என்று கேட்டாள் ராஜம். "எப்ப வீட்டுக்கு வர்றேன்னு கேக்கா" என்றேன். அவள் கையிலிருந்த பூச்சரம் ஒரு நொடி நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் மல்லிகையை அள்ளி, எழுந்து வந்து என் மடியில் போட்டாள்.