அம்மா ராட்டினம் ஏறிய நாள்

பட்டணத்தில் பிள்ளைகளுக்கென்றே ராட்டினங்களும் சறுக்குமரங்களும் வைத்துப் பெரிய பூங்கா ஒன்று நடக்கிறதாம். கோடை விடுமுறையில் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் அங்கே அழைத்துப்போவது என்று வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சின்னவனுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, பெரியவள் கூட்டத்தில் கையை விட்டுவிடுவாளா, ரயிலில் போவதா, பஸ்ஸில் போவதா என்று இரவில் ஒன்றை முடிவு செய்வேன், விடிந்ததும் மாற்றுவேன். கிளம்புவதற்கு முன்பே போய்விட்டு வந்த களைப்பு என் முகத்தில் தெரிகிறது என்கிறார் அவர். இந்தக் குணம் எனக்கு அம்மா கொடுத்தது. அம்மாவும் ஒரு முறை இப்படித்தான் எங்களைப் பொருட்காட்சிக்கு அழைத்துப்போகத் திட்டம் போட்டார்.

அப்போது நாங்கள் வெண்ணந்தூர் பக்கம் தோட்டத்தில் குடியிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. தம்பிக்கு இன்னும் பேச்சு திருந்தவில்லை. சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரு விருந்துக்கு வந்தபோது பொருட்காட்சியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். வானத்துக்குப் போய்வரும் ராட்டினம், கிணற்றுக்குள் சுவரில் ஓடும் மோட்டார் சைக்கிள், முகத்தை மறைக்கும் அளவுக்கு அப்பளம். எல்லாமே விளக்குப் போட்ட பிறகுதான் அழகு என்பதால் இரவு அத்தை வீட்டில் தங்கி மறுநாள் திரும்ப வேண்டும். அன்றிலிருந்து நான் ராட்டினத்தைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

தடையாக நின்றது எங்கள் எருமை. அது கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவைத் தவிர யார் போய் உட்கார்ந்தாலும் பாலை விடாது. அப்பா உட்கார்ந்து பார்த்தார்; பால் கறக்கும் போசி தொழுவத்துக் கட்டுத்தரையில் உருண்டு வாசல்வரை வந்தது. இரண்டு வேளைக் கறவை தவறினால் மடி கட்டிக்கொள்ளும். அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா அன்றைக்கே பின்வாங்கிவிட்டார். நான் சோற்றுத் தட்டின் முன்னால் அழுதேன்.

வழி சொன்னது சித்தப்பா. எருமை ஆளைப் பார்ப்பதில்லை, வாசனையைத்தான் பார்க்கிறது. கறக்கும்போது அம்மா கட்டும் பழைய சேலையை அப்பா போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும் என்றார். அப்பா சித்தப்பாவை வெகுநேரம் பார்த்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு வார்த்தை பேசக்கூடிய மனிதர் அப்பா.

"பொட்டும் வெச்சுக்கங்கண்ணா. இன்னும் அரைப்படி சேத்து உடும்" என்றார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கட்டுத்தரையின் மூங்கில் படலை உள்பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டார். நான் படல் இடுக்கில் கண்ணை வைத்தேன். அம்மாவின் சாணிக்கறை படிந்த மஞ்சள் சேலை முக்காட்டுக்குள் அப்பாவின் மீசை தெரிந்தது. எருமை தலையைத் திருப்பி மோந்து பார்த்தது. பெருமூச்சு ஒன்று விட்டது. பிறகு போசியில் சர்ர் சர்ரென்று பால் விழும் சத்தம் கேட்டது. உலகத்தில் இதற்குமேல் ஓர் அதிசயம் இருக்க முடியாது என்று நினைத்தேன். வெளியில் சொன்னால் பொருட்காட்சி கிடையாது என்று என்னை மிரட்டி வைத்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் வாயையே திறக்கவில்லை.

அதன் பிறகும் அம்மா நாளுக்கு இரண்டு முறை போவதாகவும் வேண்டாமென்றும் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும் நாள் காலையில், பருத்திக்கொட்டையை எப்போது வைப்பது, கன்றை எப்போது அவிழ்ப்பது, எந்தப் பக்கம் உட்காருவது என்று அப்பாவுக்குப் பாடம் நடந்தது. பஸ் வந்து நின்ற பிறகும் நடந்தது. "ஏறு புள்ள, வண்டிக்காரன் வையறான்" என்றார் அப்பா.

சாயங்காலம் அத்தையுடன் பொருட்காட்சி வாசலில் நுழைந்தோம். அத்தனை விளக்குகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. பச்சையும் சிவப்புமாக டியூப் லைட்டுகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. எல்லாவற்றுக்கும் மேலே ராட்டினம் சுற்றியது. ஆட்களை வைத்த பெட்டிகள் மெதுவாக இருட்டுக்குள் ஏறி, மறுபக்கம் வெளிச்சத்தோடு இறங்கின. நான் அண்ணாந்து பார்த்தபடியே நடந்து ஒருவர் காலை மிதித்துவிட்டேன். அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. தம்பி எங்கேயும் போய்விடக் கூடாதென்று அவன் அரைஞாணில் ஒரு துண்டைக் கட்டி மறுமுனையைத் தன் இடுப்பில் செருகியிருந்தார்.

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவார்கள். அத்தை அம்மாவின் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "சேலை என்னுங்க நங்கை, மொடமொடன்னு புதுசாட்ட இருக்குது" என்றார்.

அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"தொவச்சுப்போட்டனே" என்றார்.

"எதைங்க?"

"கறக்கற சேலைய. யாராச்சும் ஊட்டுக்கு வந்து உங்கண்ணன அழுக்குச் சேலையோட பாத்துட்டா கேவலமில்லயான்னு, நேத்து சோப்புப் போட்டுத் தொவச்சுக் கஞ்சி போட்டு மடிச்சு வெச்சுட்டு வந்துட்டேன்."

அத்தை அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்தால் போய்விடலாமா என்று கேட்டார். கறக்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, இனிப் பறந்து போனாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அத்தை சொன்னார். ராட்டினம் என் கையிலிருந்து நழுவுகிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, அழவும் தோன்றாமல் நின்றேன்.

மறுநாள் ஊரில் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்களும் அம்மாவைப் போல எருமையையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். எருமை சோப்பு வாசனையை மோந்துவிட்டுப் போசியை உதைத்தது. அப்பா கன்றை அவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். காலையிலும் அதேதான். "அதோட பால அது குடிச்சுது, உடு புள்ள" என்றார். கஞ்சி போட்ட சேலையைப் பார்த்ததும் யாரோ பெரிய இடத்துப் பொம்பளை வந்திருக்கிறாள் என்று எருமை மரியாதையாக ஒதுங்கி நின்றுகொண்டது என்று சித்தப்பா பல நாள் சொல்லித் திரிந்தார்.

ஆனால் இவை எதுவும் அன்று சாயங்காலம் அம்மாவுக்குத் தெரியாது. அவர் ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். பிறகு இடுப்பிலிருந்த துண்டை உருவி, தம்பியை அத்தையிடம் கொடுத்தார்.

"வா சாமி" என்றார் என்னிடம்.

பெட்டி ஆடிக்கொண்டே மேலே போனது. நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உச்சியில் ராட்டினம் ஒரு நிமிடம் நின்றது. கீழே மனிதர்கள் எள் சிந்தியதுபோலக் கிடந்தார்கள். சேலம் முழுவதும் விளக்காக இருந்தது. அதற்கப்பால் கறுப்பாக ஏற்காட்டு மலை, அதன் இடுப்பில் ஒரே ஒரு வண்டியின் வெளிச்சம் ஊர்ந்து, மறைந்து, மறுபடி தெரிந்தது. இவ்வளவு பெரிய உலகத்துக்குள்ளா நாம் இருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்டி திடீரென்று கீழே பாய்ந்தது. பக்கத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அம்மாதான். அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் வீட்டில் கேட்டதே இல்லை.

இறங்கியதும் என்னை அத்தையின் பக்கத்தில் நிறுத்தினார். "இவளப் பாத்துக்கங்க. நான் இன்னொரு தரம் போய்ட்டு வாரேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் தனியாக ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் கீழே நின்று பார்த்தோம். ஒவ்வொரு முறை அந்தப் பெட்டி இறங்கி வரும்போதும் நான் கையை ஆட்டினேன். அம்மா எங்கள் பக்கம் பார்க்கவில்லை. இந்த முறை சிரிக்கவும் இல்லை. முந்தானை நழுவி, கொண்டை அவிழ்ந்து முடி பறந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் கட்டக்கூட இல்லை. கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தி வானத்திலிருந்து இறங்கி வருவதும், எங்களைத் தாண்டி மறுபடி வானத்துக்கே போவதுமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"அம்மா அழுவறாங்களா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தையும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல சாமி. சும்மா உக்காந்திருக்கறாங்க" என்றார்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எதற்கு அவ்வளவு உயரம் போக வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.