முதலில் அனுப்பப்படுகிறவள்

வெர்லீன் மில்வாக்கிக்கு வந்து ஒன்பது வாரமாகியும் அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று ஒரு வார்டு இல்லை. அர்கான்சாஸிலிருந்து பதின்மூன்று வார ஒப்பந்தத்தில் வந்த உதவி நர்ஸ் அவள். எந்த வார்டில் ஆள் குறைந்தாலும் ஒப்பந்தக்காரியைத்தான் முதலில் அனுப்புவார்கள். நான்காம் மாடி நோயாளிகளின் பெயர் மனதில் பதிவதற்குள் ஏழாம் மாடி. அங்கே மருந்து அலமாரி அவள் விரல் ரேகைக்குத் திறக்காது. ஒரு வலி மாத்திரைக்குக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டும்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவள் லீவு கேட்டது ஒரே ஒரு சனிக்கிழமைக்கு. மகள் கைலாவுக்குப் பள்ளிப் பட்டமளிப்பு, காலை பத்து மணிக்கு. ஊருக்குக் காரில் பதினொரு மணி நேரம். சேரும்போதே, வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரனிடம் போனில் சொல்லியிருந்தாள். அவனும் ஆகட்டும் என்றான். அந்தத் தேதி ஒப்பந்தத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

லீவு கேட்டபோது மேற்பார்வை நர்ஸ் ரீட்டா ஒப்பந்தக் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினாள். "எங்க இருக்கு, காட்டு. இருந்தா நானே உன்னை வண்டியேத்தி விடறேன்."

டூட்டியை மாற்றிக்கொள்ள யாரும் கிடைக்கவில்லை. சொல்லாமல் போனால் ஏஜென்சி இனி கூப்பிடாது. வெள்ளிக்கிழமை போனில் கைலா பரவாயில்லை என்றாள், சித்தி வீடியோ கால் போடுவாள் என்றாள். அந்தப் பரவாயில்லை ரொம்ப சீக்கிரம் வந்தது.

சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு வெர்லீன் வார்டுக்குள் நுழைந்தாள். ரீட்டா பட்டியலிலிருந்து தலை தூக்கவில்லை. "இன்னிக்கு பேஷன்ட் கம்மி. உனக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போய்த் தூங்கு."

ஆள் மிஞ்சினாலும் முதலில் அனுப்பப்படுகிறவள் ஒப்பந்தக்காரிதான்.

"இதை நேத்து சொல்லியிருக்கலாமே, ரீட்டா."

"நேத்து எனக்கே தெரியாதே."

ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வாடகை அறைக்குப் போக மனசில்லை. பத்து மணிக்குத் தங்கை வீடியோவில் வந்தாள். பாதித் திரையில் அவள் கட்டைவிரல், மீதியில் நீலத் தொப்பிகள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். கைலாவின் முறைக்கு இன்னும் நாலு பேர் இருக்கையில் படம் மறைந்தது. திரையில் ரீட்டாவின் பெயர்.

ஏழாம் மாடியில் ஒரு நர்ஸ் பாதி டூட்டியில் வீட்டுக்குப் போய்விட்டாளாம். உடனே வர முடியுமா என்று கேட்டாள்.

வெர்லீன் அண்ணாந்து பார்த்தாள். காரிலிருந்தே ஏழாம் மாடி ஜன்னல்கள் தெரிந்தன.

"முடியாது, ரீட்டா. நான் அர்கான்சாஸ்ல இருக்கேன், எம்பொண்ணு பட்டம் வாங்கறா" என்று சொல்லிவிட்டு அழைப்பை வெட்டினாள். படம் திரும்பி வந்தபோது மேடையில் கைலாவுக்கு அடுத்த பிள்ளை நடந்துகொண்டிருந்தது.